கை நனைக்கும் முன்

பட்டுப்புழு நாலாம் ஜுரம் முடிந்து எழுந்த அன்றைக்குத்தானா பாஞ்சாலி கையை உடைத்துக்கொள்ள வேண்டும்? அப்படித்தான் நடந்தது. மல்பெரிக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டியவள் வழுக்கி விழுந்தாள். கட்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வலது கையை ஊன்றி எழப் பார்த்தபோது மணிக்கட்டு அவள் பேச்சைக் கேட்கவில்லை.

புழு தோலுரிப்பதற்காகத் தீனியை மறந்து, தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடப்பதைத்தான் அந்தப் பக்கம் ஜுரம் என்பார்கள். நாலாவது ஜுரம் எழுந்த புழுவுக்கு இருக்கிற பசி ஊரில் யாருக்கும் இருக்காது. தழை போட்ட கையை எடுப்பதற்குள் காம்புதான் மிஞ்சும். அந்த ஒரு வாரம் வீட்டில் யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். இண்டூரில் அது பங்குனி வெயில் உச்சியைப் பிளக்கிற நேரம். தழை வெட்ட வரும் பெண்கள் எல்லாரும் புளி உலுக்கப் போய்விட்டார்கள். மாது தனி ஆளாக இரண்டு நாள் இழுத்துப் பார்த்துவிட்டு, பெங்களூரில் இருந்த தங்கைக்குப் போன் செய்தான்.

"பாப்பா, உங்க அண்ணி கைய ஒடிச்சிக்கினா. புழு எழுந்துடுச்சி. நான் ஒருத்தன் என்னா பண்றது சொல்லு."

சுகுணா மறுநாள் காலையில் வந்து இறங்கினாள். அவள் விண்மீன் திரள்களை ஆராய்கிற பேராசிரியர். அவளுடைய மாணவர்கள் உலகத்தின் வேறு வேறு மூலைகளில் வேலை பார்க்கிறார்கள். வந்ததும் பையை வைத்தாள், பழைய சேலைக்கு மேல் அண்ணனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டாள், தலையில் துண்டைக் கட்டினாள், வாசலில் இருந்த பிளீச்சிங் தண்ணீரில் கால் நனைத்துப் புழு வீட்டுக்குள் நுழைந்தாள்.

உள்ளே மழைச் சத்தம். வெளியே பொட்டு மேகம் கிடையாது. ஆயிரமாயிரம் புழுக்கள் ஒரே நேரத்தில் இலை தின்னும் சத்தம் அது. சுகுணாவுக்கு அதைக் கேட்டால்தான் வீட்டுக்கு வந்த மாதிரி. சின்ன வயதில் அவள் இந்தக் கொட்டகையில்தான் படுத்துக் கிடப்பாள். சுவரில் சாய்த்திருக்கும் மூங்கில் சந்திரிகைகளைப் பார்த்தபடியே தூங்கிப்போவாள். பழுத்த புழு கூடு கட்டுவதற்காக நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே விரிகிற மாதிரி பின்னிய வட்டத் தட்டு அது. பின்னாளில் எம்.எஸ்ஸி. வகுப்பில் திரையில் ஒரு சுருள் விண்மீன் திரளின் படத்தைப் போட்டபோது மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவளுக்கு மட்டும், 'அட, இது நம்ம சந்திரிகை' என்று இருந்தது.

அந்த நினைப்பிலேயே ஆராய்ச்சிக்குப் போனவள் அவள். அங்கேதான் சிவக்குமார் சாரிடம் சேர்ந்தாள்.

"எந்த ஊரும்மா?" என்று முதல் நாள் கேட்டார்.

"தர்மபுரி சார்."

"அங்கல்லாம் வானம் இருக்கா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்போது அதைச் சிரிக்கிற விஷயம் என்றுதான் நினைத்திருந்தாள்.

அவள் தேடியது மங்கலான விண்மீன் திரள்களை. வானத்துக்கே ஒரு சன்னமான வெளிச்சம் உண்டு. அந்த வெளிச்சத்தையும்விட மங்கலாக இருப்பவை அவை. படத்திலிருந்து வானத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும், தவிட்டைப் புடைத்துக் குருணை எடுப்பது போல. அப்படிப் புடைத்துப் புடைத்து, பிரகாசமான ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தீற்றலைக் கண்டுபிடித்தாள். யாரும் பார்க்காத தீற்றல். சாருக்குக் காட்டியபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

ஆனால் அவளுக்குள் ஒரு அரிப்பு இருந்தது. பிரகாசமான நட்சத்திரத்தின் ஒளி சில சமயம் டெலஸ்கோப்புக்குள்ளேயே கண்ணாடிக்குக் கண்ணாடி பட்டுத் தெறித்து, இல்லாத இடத்தில் ஒரு பொய்ப் பிம்பத்தை விழ வைக்கும். கிணற்றுக்குள் நிலா கிடப்பது போலத்தான். எட்டிப் பார்க்கிறவன் கொஞ்சம் நகர்ந்தால் நிலாவும் நகரும். கிணற்றில் கிடக்கிற கல் நகராது. டெலஸ்கோப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்து இன்னொரு முறை படம் எடுத்தால் இது கல்லா நிலாவா என்று தெரிந்துவிடும்.

"இன்னொரு தடவ நகத்தி வெச்சுப் பாத்துட்டு எழுதலாம் சார்" என்றாள்.

"நீ என்ன, களத்துல கொள்ளு காய வெக்கிற மாதிரி வானத்தக் காய வெக்கிறியா? அதுக்குள்ள வேற எவனாவது அள்ளிட்டுப் போயிடுவான்."

வேறு எவனும் அள்ளவில்லை. அவரே அள்ளினார். கட்டுரை வந்தபோது அதில் அவர் பெயர் இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஜாஸ்மின் என்ற மாணவியின் பெயர் இருந்தது. சுகுணா பெயர் இல்லை. அவள் புகார் எழுதினாள். விசாரணை என்று நாலு பேர் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் சிவக்குமார் சார் பேனாவை மூடிக்கொண்டே, குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னார்:

"அந்தப் பொண்ணுக்கும் இந்தக் கண்டுபிடிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

அத்தோடு முடிந்தது. அந்த வருடம் பெட்டியோடு இண்டூருக்குத் திரும்பியவள், இதே புழு வீட்டின் மூலையில் சுருண்டு கிடந்தாள். மாதுவுக்கு ஏதோ படிப்புத் தகராறு என்ற அளவில்தான் தெரியும். முழுக்கதையும் கேட்டது பாஞ்சாலி மட்டும். கேட்டுவிட்டு மண்ணை வாரித் தூற்றினாள்.

"அவன் அடுப்புல பூன தூங்க! அவன் பேரு வெளங்காமப் போவ! எங்கூர்ல பாரதக் கூத்து நடக்கறப்ப துரியோதனனுக்கு அடுத்து இவன மண்ணுல செஞ்சி வெக்கச் சொல்றேன். அந்தத் துரியோதனன அடிக்கிற மாதிரி இவன அடிக்க நானே மொத வெளக்கமாத்த எடுக்கறேன்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள்: "நீ அழுதது போதும் கண்ணு. அழுவற நேரத்துக்குப் படி. அவன் எந்த வரப்புல நிக்கறானோ அந்த வரப்புலயே போயி நில்லு."

சுகுணா அப்படியே செய்தாள். வேறு ஊரில் வேறு ஒருவரிடம் முதலிலிருந்து தொடங்கினாள். வேறு துறைக்குப் போகச் சொல்லி எல்லாரும் புத்தி சொன்னார்கள். அவள் நகரவில்லை. நிலத்தைப் பிடுங்கியவனின் வரப்பிலேயே குடிசை போட்டு உட்கார்ந்த மாதிரி, அதே மங்கலான திரள்களையே பிடித்துக்கொண்டு மேலே வந்தாள். சிவக்குமார் சாரும் மேலே போனார். அந்தத் தீற்றலை ஆராய்ச்சிக்காரர்கள் அவர் பெயரைச் சொல்லியே அழைத்தார்கள். அதை வைத்துப் பதவி வந்தது, பட்டம் வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் மேடை ஓயவில்லை.

போன மாதம் வெளிநாட்டு மலையொன்றில் புதிதாகக் கட்டிய பெரிய டெலஸ்கோப்பின் படங்கள் ஆராய்ச்சிக் குழுவுக்கு வந்தன. சுகுணா முதலில் திறந்து பார்த்தது அந்த இடத்தைத்தான். ஒன்றுமில்லை. துடைத்த பலகை மாதிரி இருந்தது. பழைய படங்களை எடுத்து மற்றப் பிரகாசமான நட்சத்திரங்களின் பக்கத்தில் தேடினாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே மாதிரி ஒரு தீற்றல் இருந்தது. அவர் அள்ளிக்கொண்டு போனது கிணற்று நிலாவை.

அதை நிரூபித்து எழுதி முடித்துவிட்டாள். சிவக்குமார் சார் உட்படக் குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் போகிற மாதிரி மின்னஞ்சல் தயாராக இருந்தது. பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. அழுத்தாமல் வைத்திருந்தாள். இரக்கப்பட்டு அல்ல. அனுப்பிவிட்டால் அவர் அதை எங்கேயோ ஒரு அறையில் தனியாகப் படிப்பார். அந்த முகத்தை யார் பார்ப்பது?

*

சுகுணா வந்த மூன்றாம் நாள் வாசலில் ஒரு கார் வந்து நின்றபோது அவள் மேல் தட்டுக்குத் தழை பரப்பிக்கொண்டிருந்தாள். தென்னோலைக் கூரைக்கு மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த மாது குழாயைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். ஈ வராமல் இருக்கப் போட்ட வலைக்கதவு வழியாக அவளுக்கு வெள்ளைத் தலையும் கதர்ச் சட்டையும் தெரிந்தன. பார்த்த மாத்திரத்தில் யார் என்று தெரிந்துவிட்டது. கையில் இருந்த தழை அப்படியே நின்றது.

"சுகுணா மேடம் வீடு இதானே? நான் அவங்க புரொபசர். ஒகேனக்கல் போற வழி. ஆபீஸ்ல கேட்டேன், ஊருக்குப் போயிருக்காங்கன்னாங்க. வழிதானே, பாத்துட்டுப் போலாம்னு."

"வாங்க வாங்க சார்! பாப்பாவுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவங்களா? உள்ளதான் இருக்குது." மாது இரண்டடி நடந்துவிட்டு மூக்கைச் சுளித்து நின்றான். "சார் சென்ட்டு போட்டுருக்கறீங்களா?"

"ஆமா, ஏன்?"

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அந்த வாசம் புழுவுக்கு ஆவாது. மந்திரியே வந்தாலும் வலைக்கு இந்தாண்டதான். ஒரு சேர் போடறேன், இங்கயே உக்காந்து பேசுங்க. பாப்பா வேலைய உட்டுட்டு வர முடியாது பாருங்க."

இப்படியாக, பல மேடைகளில் நடு நாற்காலியில் உட்கார்ந்த சிவக்குமார் சார், வெயில் பாதி விழுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், வலைக்கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். உள்ளே இருட்டு. அவள் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் முகம் அவளுக்குக் கண்ணாடி போலத் தெரிந்தது.

"என்னம்மா சுகுணா. நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கறேன் சார்."

"பெரிய ஆளாயிட்ட. உன் பேப்பர் எல்லாம் படிக்கிறேன்."

அவள் அடுத்த தட்டுக்குக் குனிந்தாள். தழையை உதறிப் பரப்பினாள். புழுக்கள் மொய்த்து ஏறின.

"வயசாயிடுச்சும்மா. தூக்கம் வர்றதில்ல. பழசெல்லாம் வந்து நிக்குது." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கேலக்ஸி உன்னோடது. நான் உனக்கு அநியாயம் பண்ணிட்டேன்."

சுகுணாவுக்குக் காதை அடைத்தது. புழு தின்னும் சத்தம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. இந்தச் சொல்லுக்காக அவள் எத்தனை வருடம் காத்திருந்தாள்! கனவில்கூட அவர் இதைச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் சொல்லி முடிப்பதற்குள் விழித்துக்கொள்வாள்.

"பத்திரிகைக்கு எழுதப் போறேன். கண்டுபிடிச்சது சுகுணா, பேர விட்டது என் தப்புன்னு. பகிரங்கமா. இனிமே அது உன் பேர்லயே வழங்கட்டும். நீ ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும், ஆமா, இது என் கண்டுபிடிப்புதான்னு."

கூடைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாதுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டியா பாப்பா! பெரிய மனுசன் பெரிய மனுசன்தான். சார், நீங்க சாப்புடாமப் போவக் கூடாது. ஏ பாஞ்சாலி! அந்த செவலச் சேவலப் புடி!"

சுகுணா தட்டின் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த மின்னஞ்சலை அழித்துவிடலாமா என்று தோன்றியது உண்மை. வேறு வார்த்தைகளில் எழுதலாம். அவரையும் காப்பாற்றித் தன்னையும் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி.

"எப்ப எழுதப் போறீங்க சார்?"

"இந்த வாரமே. ஏன் தள்ளிப் போடணும்? இன்னிக்கே நீ எழுதிக் குடுத்தா, நான் ராத்திரியே அனுப்பிடறேன்."

பதினெட்டு வருடம் தள்ளிப் போட்டவருக்கு இந்த வாரம் என்ன அவசரம்? சுகுணா வலைக்கு அருகில் வந்தாள்.

"சார், அன்னிக்கி நகத்தி வெச்சு இன்னொரு தடவ பாக்கணும்னு கேட்டேன். ஞாபகம் இருக்குங்களா?"

அவர் கைக்குட்டை கழுத்தில் நின்றது.

"நான் அப்படிச் சந்தேகப்பட்டதையும், நீங்க வேணாம்னதையும் சேத்து எழுதுவீங்களா சார்?"

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப? படிக்கிறவங்களுக்குக் குழப்பம். உனக்கு கிரெடிட்தான வேணும்? அத மட்டும் சுத்தமா எழுதிடுவோம். சந்தேகம் கிந்தேகம் எல்லாம் வேண்டாம்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. புதுப் படங்களை அவரும் பார்த்திருக்கிறார். வீடு இடியப் போகிறது என்று தெரிந்ததும் பட்டாவை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுக்க வந்திருக்கிறார். அன்றைக்குத் திருடியதைவிட இன்றைக்குத் தருவதுதான் பெரிய திருட்டு. ஒரு வார்த்தை, 'ஆமாம்மா, உன் சந்தேகத்தையும் எழுதறேன்' என்று சொல்லியிருந்தால் போதும். அவள் மன்னித்திருப்பாள். அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"தழ தீந்துபோச்சு சார். வெட்டிக்கினு வந்துடறேன். நீங்க நெழல்ல உக்காருங்க. ஒங்களுக்குப் பதில் எழுதிக் குடுத்துடறேன்."

*

அடுப்படியில் வேறொரு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சேவலைப் பிடித்து வந்த மாது அரிவாள்மனையைத் தேட, பாஞ்சாலி கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு வழியை மறித்து நின்றாள்.

"அவன் பேரு என்னான்னு கேட்டீங்களா?"

"சிவக்குமாருங்கறாரு. ஏன்?"

"அவனா? அவனுக்கு என் வூட்ல பச்சத்தண்ணி கெடையாது!"

"மெல்லப் பேசுடி, காதுல வுழுவுது."

"வுழுவட்டும். உங்க பங்காளி முனியப்பன் கெணத்து வழக்குல நம்ம வூட்ல கை நனைக்காம எத்தன வருசம் போவறான்? உங்கம்மா செத்தப்ப வந்தான், பாடைக்குத் தோள் குடுத்தான், ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சானா? பகையாளின்னாலும் அவன் மனுசன். மொற தெரிஞ்சவன். கை நனைச்சிட்டா வழக்கு முடிஞ்சிதுன்னு தெரிஞ்சவன். இவனுக்குச் சோத்தப் போட்டு அனுப்பிட்டா, அப்பறம் அந்தப் புள்ள அவன என்னா கேக்க முடியும்? ஒரு கெட்ட நெனப்பு நெனைக்க முடியுமா? தின்ன சோறு கேக்கும்."

"அவருதான் மன்னிப்புக் கேக்கறாரேடி!"

"இத்தன வருசமா பேயாத மழ, கேக்காமயே பேஞ்சா? வேற எங்கயோ ஏரி ஒடஞ்சிருக்குதுன்னு அர்த்தம்."

அரிவாளும் கயிறுமாகக் கொல்லைப் பக்கம் போய்க்கொண்டிருந்த சுகுணா வாசலில் நின்றாள். "அண்ணி, சேவல அறுக்கச் சொல்லுங்க."

"ஏம்புள்ள! நீயுமா?"

"அறுக்கச் சொல்லுங்க. களிக்கு ஒல வெச்சிடுங்க. நான் வந்து கிண்டறேன். நான் வர்ற வரைக்கும் மட்டும் ஒரு வாய்த் தண்ணிகூடக் குடுக்காதீங்க."

பாஞ்சாலி நாத்தனார் முகத்தையே பார்த்தாள். பிறகு இடது கையால் பானையை நகர்த்தினாள். "ஏங்க, நிக்கறீங்களே, அறுங்க" என்றாள் புருசனிடம்.

மோட்டார்க் கொட்டகைக்குப் பக்கத்தில் போனுக்குச் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். சுகுணா மல்பெரிக் குச்சிகளைக் கை ஓய வெட்டினாள். பால் பிசுபிசுத்தது. வெயில் முதுகில் உட்கார்ந்திருந்தது. ஒரு கட்டு சேர்ந்ததும் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். தயாராக இருந்த மின்னஞ்சலின் தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்தாள். அந்தப் பழைய கட்டுரையின் கண்டுபிடிப்பு முழுக்கப் பேராசிரியர் சிவக்குமாருடையது என்றும், தனக்கும் அந்தக் கண்டுபிடிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றும் எழுதினாள்.

எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தத் தீற்றல் அவளுடையது. அதன் மேல் வந்த சந்தேகமும் அவளுடையது. அந்த வயதில் அவ்வளவு நல்ல சந்தேகம் எல்லாருக்கும் வராது. இரண்டையும் சேர்த்துப் புதைத்தால்தான் அவர் மேல் மண் விழும். சரி, விழட்டும்.

அழுத்தினாள். போன் ஒருமுறை சுற்றி யோசித்துவிட்டு, போய்விட்டது என்று காட்டியது.

கட்டைத் தலையில் தூக்கி வைக்க ஆளில்லை. வரப்பில் சாய்த்து, குனிந்து, தானே தூக்கிக்கொண்டாள். வாய்க்காலைக் காலை ஊன்றித் தாண்டினாள்.

*

களி கிண்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும், நெஞ்சில் ஆத்திரமும் வேண்டும் என்பாள் பாஞ்சாலி. அன்றைக்குச் சுகுணா கிண்டிய களியில் ஒரு கட்டி இல்லை. பானையைக் காலால் அணைத்து, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, அடியிலிருந்து புரட்டிப் புரட்டிக் கிண்டினாள். வியர்வை மூக்கு நுனியில் நின்றது.

"கை நனைச்சிட்டா அப்பறம் ஒன்னும் பண்ணக் கூடாது, தெரியுமில்ல?" பாஞ்சாலி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தெரியும் அண்ணி. பண்ணிட்டுத்தான் வந்தேன்."

பாஞ்சாலி அடுப்புத் தீயைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரியச் சற்று நேரம் ஆனது. "கொழம்புல உப்பு பாரு. சரியா இருக்கணும். நம்ம வூட்டு உப்ப மறக்கக் கூடாது அவன்."

வேப்ப மரத்தடியில் பாய் போட்டு வாழை இலை விரித்தார்கள். சிவக்குமார் சார் பசித்திருந்தார். இரண்டு முறை தண்ணீர் கேட்டும், 'பானைத் தண்ணி தெளியட்டுங்க சார்' என்று பாஞ்சாலி தள்ளிவிட்டிருந்தாள். இலைக்கு நடுவில் கறுத்து மினுங்குகிற களி உருண்டை. நடுவில் குழி. குழியில் சேவல் குழம்பு. எண்ணெய் மிதந்து சிவப்பாக நின்றது.

"உன் பதில் என்னம்மா?"

"எழுதி அனுப்பிட்டேன் சார். ஒங்களுக்கு மட்டும் இல்ல. குழுவுல எல்லாருக்கும்."

"எல்லாருக்குமா?" அவர் முகம் மலர்ந்தது. "அதுவும் சரிதான். நல்ல பொண்ணு. எனக்குத் தெரியும்."

விரலால் களியைக் கிள்ளி வாயில் போட்டு மெல்லத் தொடங்கினார். பல்லில் ஒட்டிக்கொண்டு தவித்தார். எதிரே குந்தியிருந்த மாது பதறினான்.

"மெல்லக் கூடாதுங்க சார்! கொழம்புல தொட்டு அப்பிடியே உள்ள தள்ளுங்க. களிய மென்னீங்கன்னா அப்பறம் அது உங்கள மெல்லும்."

சார் சிரித்தார். சொன்ன மாதிரி செய்தார். இறங்கியது. அடுத்த வாய் எளிதாகப் போனது. ஒரு உருண்டை முடிந்தது. நெற்றியில் வியர்வையோடு, "இந்த மாதிரி சாப்பிட்டு எவ்ளோ வருஷமாச்சு" என்றார். கை மணிக்கட்டு வரை குழம்பு. இரண்டாவது உருண்டையைச் சுகுணா வைத்தபோது அவர் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. நின்றது. மறுபடி. அது நிற்பதற்குள் செய்தி வந்த மணி, ஒன்றன் மேல் ஒன்றாக.

"என்ன இது, ஞாயித்துக்கிழம கூட..." அவர் வலது கையைத் தூக்கிக்கொண்டு, இடது கையை எட்டாத பக்கத்துப் பைக்குக் கொண்டுபோகத் தடுமாறினார்.

"இருங்க சார், நான் எடுக்கறேன். கை நனைஞ்சிருக்குதில்ல." உதவி செய்வதில் மாதுவை மிஞ்ச ஊரில் ஆளில்லை. போனை எடுத்துக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து எழுத்துக்கூட்டினான். "ஜா...ஸ்மி...ன். ஜாஸ்மின்னு ஒரு பொண்ணு கூப்புடுதுங்க. ஸ்பீக்கர்ல போட்டுடறேன், நீங்க சாப்புட்டுக்கினே பேசுங்க."

"இல்ல, வேண்டாம், அப்புறம்..."

அதற்குள் போட்டுவிட்டான்.

"சார்? சார், சுகுணா மேடம் மெயில் பாத்தீங்களா?" குரல் மூச்சிரைத்தது. "எல்லாரும் எனக்குப் போன் பண்றாங்க சார். அது கேலக்ஸியே இல்லையாம். பக்கத்து ஸ்டாரோட பொய்ப் பிம்பமாம். புதுப் படம், பழைய படம் எல்லாம் பக்கத்துல பக்கத்துல வெச்சு அனுப்பிருக்காங்க. தப்பு சொல்ல ஒரு எடம் இல்ல சார். நம்ம பேப்பர திரும்ப வாங்கச் சொல்லுவாங்களே சார். முதல் வரிலயே எழுதிட்டாங்க, கண்டுபிடிப்பு முழுக்க உங்களோடதாம், அவங்களுக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லியாம். சார்? கேக்குதா சார்?"

மாதுவுக்கு ஒன்றும் புரியவில்லை. போனைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், சாரைப் பார்த்தான். வேப்பம்பூ ஒன்று இலையில் விழுந்தது. புழு வீட்டுக்குள்ளிருந்து மழைச் சத்தம் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது.

சிவக்குமார் சாரின் வாய்க்குள் களி இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாத ஒரு முகம். கண் மட்டும் மெதுவாக மேலே வந்து சுகுணாவிடம் நின்றது. அவள் குழம்புச் சட்டியோடு குந்தி, அவர் முகத்தைச் சாவகாசமாகப் பார்த்தாள். ஒரு மங்கலான படத்தைப் பார்க்கும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படி. அவசரமில்லாமல், எதையும் விட்டுவிடாமல், ஓரத்திலிருந்து நடு வரைக்கும்.

பின்னால் பாஞ்சாலி இடது கையால் சொம்பை நீட்டினாள். சுகுணா வாங்கி இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். கரண்டியை மறுபடி குழம்பில் விட்டு, ஒரு நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து, களிக் குழியில் போட்டாள்.

"மெல்லாதீங்க சார்" என்றாள். "அப்பிடியே முழுங்குங்க."